வழக்கும் வாய்மையும்



ஆசிரியப் பணியில் இருந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் நன்னடத்தைச் சான்றுகளை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறோம். பள்ளி மாறும் பிள்ளைக்கும், வேலைக்கு மனுச் செய்யும் இளைஞனுக்கும், பட்டாளத்தில் சேரப் புறப்பட்ட மாணவனுக்கும் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தருவது நமக்கு ஒரு நாழிகை வேலை. ஆனால் சென்ற ஆண்டு ஒருவருக்காக எழுத நேர்ந்த ஒரு கடிதம் நம்மை மூன்று இரவுகள் உறங்க விடவில்லை. அது நீதிமன்றத்திற்குப் போக வேண்டிய கடிதம். மது அருந்தி வண்டி ஓட்டி ஒரு தொழிலாளியின் காலை முறித்துவிட்ட படைவீரர் ஒருவருக்காக எழுத வேண்டிய கடிதம். அவர் நம் பழைய மாணவர்; நம் சமூகத்துப் பிள்ளை.

அவருடைய இசைவைப் பெற்றே இதை எழுதுகிறோம். அவரை எவரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறோம். ஒருவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. குற்றம் செய்தவருக்காக வாதாடுவது அறமாகுமா, ஆகுமெனில் எந்த எல்லை வரை ஆகும் என்னும் வினாவே நம் நோக்கம். இவ்வினா நாளை எந்த இல்லத்தின் வாயிற்படியிலும் வந்து நிற்கக்கூடும்.

நடந்தது இதுதான். வந்தவாசிப் பகுதியில் நாம் பணியாற்றிய காலத்தில் நம்மிடம் பயின்ற மாணவர் தரைப்படையில் சேர்ந்து பதினான்கு ஆண்டுகள் முடித்திருந்தார். அவருடைய தம்பி, நம் ஊர்களிலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்த பலரைப் போல, இங்கு ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். தாயாரும் அவருடன்தான். விடுப்பில் வந்த படைவீரர் ஒரு நாள் மாலை நண்பர்களுடன் மது அருந்திவிட்டு, தம்பியின் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினார். இரவு ஒன்பது மணி இருக்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்துச் சாலையோரமாக நடந்துவந்த ஒரு தையல் தொழிலாளியின் மேல் வண்டி மோதிற்று. தொழிலாளிக்கு வலக்கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. இரத்தப் பரிசோதனையில் மதுவின் அளவு சட்டம் விதித்த வரம்பைத் தாண்டியிருந்தது.

மறுவாரம் அவருடைய தாயார் நம் இல்லத்திற்கு வந்தார். "டீச்சரம்மா, என் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. அதுக்குள்ள வெளியே அனுப்பிட்டா பென்ஷனே கிடையாதாம். அவன் குடிக்கவே மாட்டான்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க. உங்க வார்த்தையைக் கோர்ட்டு நம்பும்" என்று அழுதார். அவர் சொன்னது பொய்யான அச்சமன்று. படைவீரர் ஒருவர் ஓய்வூதியம் பெறப் பதினைந்து ஆண்டுகள் பணி நிறைவு செய்திருக்க வேண்டும். ஓராண்டுக் குறைவில் ஒரு குடும்பத்தின் முதுமைக் காலம் முழுதும் தொங்கிக் கொண்டிருந்தது.

அதே வாரத்தில் வழக்கை ஏற்குமாறு கேட்கப்பட்ட இளம் வழக்கறிஞரும் நம்மிடம் வந்தார். அவரும் நம் சமூகத்தவரே. "அம்மா, மதுவைத் தொடாத குடும்பத்தில் பிறந்தவன் நான். குடித்துவிட்டு ஒருவரை இடித்தவருக்காக நான் வாதாடலாமா? அது அந்தத் தீவினையில் பங்கு கொள்வது ஆகாதா?" என்று கேட்டார்.

உறவினர் நடுவே இரு கட்சிகள் எழுந்தன. குடித்தவனுக்கு வக்கீல் எதற்கு, அனுபவிக்கட்டும் என்றது ஒரு கட்சி. எப்படியாவது நம் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும், வண்டியைத் தம்பி ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்றது மற்றொரு கட்சி. இரண்டும் பிழை என்பதே நம் முடிவு. ஆனால் அம்முடிவிற்கு நாம் எளிதாக வந்துவிடவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

முதலில் சட்டத்தை அறிந்துகொள்ள முயன்றோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, வண்டி ஓட்டுபவரின் நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் அது குற்றம். இங்கிலாந்தில் இவ்வரம்பு எண்பது மில்லிகிராம். நம் நாட்டுச் சட்டம் அதனினும் கடுமையானது. 2019இல் செய்த திருத்தத்திற்குப் பின் முதல் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒருவருக்குக் காயம் நேர்ந்திருப்பின் குற்றவியல் சட்டத்தின் பிற பிரிவுகளும் சேரும்.

படைவீரர் என்பதால் இதில் சலுகை இல்லை. அலுவல் கடமையைச் செய்யும்போது நிகழ்ந்த செயலுக்காகப் படையினரைக் கைது செய்வதற்கு மட்டுமே அரசின் இசைவு வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். விடுப்பில் வந்து நண்பருடன் மது அருந்துவது கடமையன்று. மாறாக, படைவீரருக்குச் சுமை கூடுகிறது. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதையில் காணப்படும் வீரரை இராணுவ நீதிமன்றம் தண்டிக்க இடம் தருகிறது. அதிகாரியாயின் பதவி பறிபோகலாம். ஏனைய வீரராயின் இரண்டாண்டு வரை சிறை உண்டு. பணியில் இல்லாத நேரத்துக் குற்றமாயின் அது ஆறு மாதத்திற்கு மேற்படாது. ஊர் நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தாலும் படைப்பிரிவின் கேள்வி தனியே காத்திருக்கும்.

இவ்வளவு சுமை ஒருவன் தலையில் இறங்கும்போது அவனுக்காகப் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் மறக்கவில்லை. தான் விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தருகிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 20ஆம் பிரிவு. பொருளற்றவருக்கு இலவசச் சட்ட உதவி வேண்டும் என்னும் 39அ பிரிவு 1976இல் சேர்க்கப்பட்டது. இராணுவ நீதிமன்றத்திலும் வழக்கறிஞரையோ, தன் சார்பில் பேச ஓர் அதிகாரியையோ வைத்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன.

வாதாடுவது அபய தானமே

திருப்பூருக்கு அண்மையில் உள்ள கோயம்புத்தூரில் நிகழ்ந்த ஒன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். அங்கு வழக்கறிஞருக்கும் காவலருக்கும் இடையே மோதல் ஏற்பட்டு, காவலர் சிலர் மேல் குற்ற வழக்குத் தொடரப்பட்டது. அக்காவலருக்காக எங்கள் உறுப்பினர் எவரும் வாதாட மாட்டார் என்று கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் இயற்றிற்று. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2010 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை, வழக்கறிஞர் தொழிலின் அறத்திற்கே மாறானவை என்று கூறிவிட்டது. குற்றம் எவ்வளவு கொடியதாயினும், சாட்டப்பட்டவர் எவராயினும், அவருக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பதே அதன் சாரம். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளும், குற்றவாளியோ இல்லையோ என்னும் தன் சொந்தக் கருத்தை ஒதுக்கிவைத்து வாதாடுவது வழக்கறிஞரின் கடமை என்கின்றன.

இதை நம் நூல்களின் கண்கொண்டு பார்ப்போம். தானங்கள் நான்கு என்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தோம்: ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம். குடித்து விழுந்தவனுக்குக் கட்டுப் போடும் மருத்துவர் குடியில் பங்கு கொள்பவராக மாட்டார். அவ்வாறே, அரசின் முழு வலிமைக்கும் முன்னே தனியாக நிற்கும் ஒருவனுக்கு, உன் குற்றத்திற்கு மிஞ்சிய தண்டனை உனக்கு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது அபயம் அளிப்பதே ஆகும். ஆகவே அந்த இளைஞரிடம், "தம்பி, வழக்கை எடுத்துக்கொள். தயங்க வேண்டாம்" என்றோம்.

அவர் உடனே அடுத்த வினாவைத் தொடுத்தார். கைதான இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவப் பரிசோதனை செய்யாவிடில் அவரைக் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 202ஆம் பிரிவு. இரத்தம் உரிய நேரத்தில் எடுக்கப்பட்டதா, முறையாக முத்திரையிடப்பட்டதா, கருவி சரியானதா என்றெல்லாம் கேட்கலாமா? கட்சிக்காரர் குடித்தது எனக்குத் தெரிந்திருக்கும்போது இவற்றைக் கேட்பது தந்திரம் ஆகாதா என்றார்.

கேட்கலாம் என்பதே நம் கருத்து. மது வாடை, தள்ளாட்டம், குழறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் மது அருந்தினார் என்று முடிவு கட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே, பம்பாய் மதுவிலக்குச் சட்ட வழக்கொன்றில், கூறியிருக்கிறது. காய்ச்சலில் தள்ளாடுபவனும் உண்டு. பசியில் நாக்குக் குழறுபவனும் உண்டு. அதிகாரி ஒழுங்காகச் சோதித்தாரா என்று குற்றவாளியின் வழக்கில் கேட்காமல் விட்டால், நாளை குற்றமற்றவன் வழக்கிலும் எவரும் சோதிக்க மாட்டார். இவ்வினாக்கள் மெய்யைத் தேடும் வினாக்கள். ஆனால் அவர் குடிக்கவில்லை என்று வழக்கறிஞர் சொல்லலாகாது. குடிக்கவில்லை என்று கட்சிக்காரரைச் சொல்ல வைக்கவும் ஆகாது. அரசு தன் குற்றச்சாட்டை மெய்ப்பிக்கட்டும் என்று நிற்பது வேறு. பொய்யை மெய்யாக்க முயல்வது வேறு.

எல்லை தாண்டினால்

அந்த எல்லையைத் தாண்டினால் என்னாகும் என்பதற்குத் தில்லி வழக்கு ஒன்று சான்று. 1999 ஜனவரி 10ஆம் நாள் விடியற்காலையில், தில்லி லோதி காலனிப் பகுதியில், விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ கார் ஒன்று மோதி ஆறு பேர் இறந்தனர். அவர்களுள் மூவர் காவலர். காரை ஓட்டிய இளைஞர் முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவரின் பேரன். நாட்டிற்குப் பெரும்பணி செய்த முன்னோரின் புகழ் அவருக்குத் துணை நின்றது. செல்வமும் துணை நின்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2007இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் மறைகாமிரா வைத்துப் பதிவு செய்தபோது, அவருக்காக வாதாடிய மூத்த வழக்கறிஞர் ஒருவர் முக்கியச் சாட்சியைக் கலைக்க முயன்றது வெளிப்பட்டது. நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்திற்காக 2008இல் தில்லி உயர் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது; 2009இல் உச்ச நீதிமன்றமும் அவர் குற்றவாளியே என்று உறுதி செய்தது. 2012இல் காரோட்டியவர் வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்தது. அலட்சியம் என்னும் சிறிய குற்றமாக உயர் நீதிமன்றம் குறைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; கொலையாகாத மரணம் விளைவித்த பெருங்குற்றமே இது என்றது. அவர் ஏற்கெனவே சிறையில் கழித்த இரண்டாண்டு போதும் என்றாலும், ஐம்பது லட்சம் ரூபாய் செலுத்தவும், இரண்டாண்டு சமூகத் தொண்டு செய்யவும் ஆணையிட்டது.

சாட்சியைக் கலைக்க முயன்றதால் எவருக்கு நன்மை விளைந்தது? கட்சிக்காரருக்கும் இல்லை, வழக்கறிஞர் தம் மதிப்பை இழந்ததே மிச்சம். இறந்தவர் வீடுகளுக்கோ பதின்மூன்று ஆண்டுகள் காத்திருப்பு. வண்டியைத் தம்பி ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்ற நம் உறவினர், தில்லிச் செல்வர் செய்ததன் சிறிய வடிவத்தையே செய்யச் சொன்னார்கள்.

தீங்கு தரும் மெய்

அப்போது நம் பெரியவர் ஒருவர் நூல் நெறி கொண்டே வாதிட்டார். பிறருக்கு ஆபத்து விளைவிக்குமாயின் மெய்யையும் சொல்லலாகாது என்று இல்லறத்தாரின் வாய்மை விரதத்திற்குச் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இலக்கணம் சொல்லியிருக்கிறார் அன்றோ? அந்நூல்வழி வந்த அருங்கலச்செப்பை நாமும் பயின்றிருக்கிறோம் அன்றோ? மெய் சொன்னால் ஒரு குடும்பம் ஓய்வூதியம் இழந்து தெருவில் நிற்குமே, அதை மறைப்பது விரதத்திற்கு உட்பட்டதே என்றார்.

இவ்வாதம் நம்மை ஒரு நாள் முழுதும் வாட்டிற்று. அவர் சொன்ன இலக்கணம் உண்மையானதே. ஆனால் அது எதற்காக வகுக்கப்பட்டது? வேடன் வந்து மான் எவ்வழி ஓடிற்று என்று கேட்டால் வழியைக் காட்டாதே என்பதற்காக. தீங்கற்ற உயிரைக் கொல்ல வருபவனிடமிருந்து காப்பதற்காக. தன் செயலின் பயனிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதற்காக அன்று. இவ்வழக்கில் மானின் இடத்தில் இருப்பவர் யார்? சாலையோரம் நடந்துவந்த தொழிலாளி. ஓட்டியவர் பெயரை மாற்றிச் சொன்னால் காக்கப்படுவது மானன்று.

வாய்மை விரதத்தின் வழுக்களுள் ஒன்றாகக் கூடலேககிரியை என்பதைத் தத்துவார்த்த சூத்திரமும் சிராவகாசாரமும் எண்ணுகின்றன. பொய்யாவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். இதை வகுப்பில் எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறோம். கடன் பத்திரத்தில் தொகையைத் திருத்துவது என்று எடுத்துக்காட்டும் சொல்லியிருக்கிறோம். ஒரு தாயின் கண்ணீருக்காக ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதும் நான்கு வரிக் கடிதமும் அதுவே ஆகலாம் என்பது அப்போது நம் எண்ணத்தில் வரவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு அக்கடிதத்தை எழுதிவிட்டோம். இவர் மதுவை அறியாதவர் என்னும் வரியும் அதில் இருந்தது. கையொப்பம் மட்டும் இடவில்லை. காலையில் இடலாம் என்று மேசைமேல் வைத்துப் படுத்தோம். உறக்கம் வரவில்லை.

உயிர் போகவில்லையே

மறுநாள் அரசு மருத்துவமனைக்குச் சென்று அடிபட்டவரைக் கண்டோம். தென் மாவட்டத்திலிருந்து வந்தவர். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவியும் அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்பவர். அவரும் நம்மிடம் அழவில்லை, சினக்கவும் இல்லை. காலில் கட்டுடன் கிடந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தக் கால் முறிஞ்சாலும் பொறுத்துக்குவேன், இது பெடல் மிதிக்கிற காலும்மா. மறுபடி மிதிக்க முடியுமா?"

திருப்பூரில் வாழ்பவர்க்கு இக்கேள்வியின் பொருள் விளங்கும். தைப்பவரின் கை துணியை ஓட்டும். மெஷினை ஓட்டுவது கால். எத்தனை உருப்படி தைத்தாரோ அத்தனைக்கே சனிக்கிழமைச் சம்பளம். நம் மேசைமேல் கிடந்த கடிதத்தில் இவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு குடும்பத்தின் ஓய்வூதியத்தை எண்ணிய நாம், இன்னொரு குடும்பத்தின் வாரச் சம்பளத்தை எண்ணவில்லை. அபயம் ஒருவருக்கு மட்டும் அளிப்பதாயின் அதற்குப் பெயர் ஒருதலைச் சார்பு. வீட்டிற்கு வந்ததும் கடிதத்தைக் கிழித்தோம்.

உயிர் போகவில்லையே, கால்தானே, ஆறிவிடும் என்று உறவினர் சிலர் ஆறுதல் கூறினர். இதற்கு விடையாக 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படையின் ஓட்டுநர் ஒருவர், தம் படையினரை ஏற்றிக்கொண்டு அலகாபாத்திற்குச் சென்ற லாரியைப் போதையில் ஓட்டி ஒரு ஜீப்பின் மேல் மோதினார். எவரும் இறக்கவில்லை. பணி நீக்கம் செய்யப்பட்ட அவர், சிறு விபத்துக்கு இவ்வளவு தண்டனையா என்று வழக்காடினார். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. உயிர்ச்சேதம் நேராதது அதிர்ஷ்டம். அதைக் காட்டி இரக்கம் கோரலாகாது, போதையில் ஓட்டுபவர் பிற உயிர்களோடு விளையாடுகிறார் என்னும் கருத்தில் அது பேசிற்று.

இதைப் படித்தபோது அமிர்தசந்திரரின் புருஷார்த்த சித்தியுபாயம் நினைவுக்கு வந்தது. கவனமின்றி நடப்பவன் இம்சை செய்தவனே, உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும். கவனத்தோடு நடப்பவன் காலடியில் தவறி ஓர் உயிர் இறந்தாலும் அவன் இம்சை செய்தவன் ஆகான் என்பது அந்நூல் விளக்கும் நெறி. இம்சைக்கு வேர் பிரமாதம் என்னும் சோர்வு என்பதே தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்தும். படைவீரர் எல்லையில் நாட்டைக் காக்கப் போரிடுவதை விரோதி இம்சை என்று வகுத்து, இல்லறத்தாருக்கு அது தவிர்க்க இயலாதது என்று நம் ஆசாரியர் இடம் தந்தனர். மது அருந்தி வண்டி ஏறுவதற்கு அவ்வகுப்பு எதிலும் இடம் இல்லை. அது முழுதும் பிரமாதம். கைப்பிடியைத் தொட்ட பொழுதே இம்சை தொடங்கிவிட்டது. சாலையில் எவரும் எதிர்ப்படாதிருந்தாலும் தொடங்கியதே.

அத்தீர்ப்பில் மற்றொரு பாதியும் உண்டு. குற்றம் குற்றமே என்று நிலைநிறுத்திய பின், ஓட்டுநரின் இருபத்தைந்து ஆண்டுப் பணியையும், வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட்டதையும் நீதிமன்றம் கருதிற்று. பணி நீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றி, உரிய பயன்களைக் குடும்பத்திற்குக் கொடுக்கச் சொன்னது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் உண்மை, அதன் பின் இரக்கம். நீண்ட சேவையைக் காட்டி நிகழ்ந்ததை மறைக்க முடியாது. நிகழ்ந்ததை ஒப்பிய பின், தண்டனையின் அளவைக் கேட்கும் இடத்தில், சேவையைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சீருடைக்கு உரிய மதிப்பு அங்கேதான்.

கடிதம்

மூன்றாம் நாள் மாலை அந்தப் படைவீரரே நம்மைத் தேடி வந்தார். பள்ளிக் காலத்தில் நின்றது போலவே கதவருகில் நின்றார். "டீச்சர், வண்டியை ஓட்டினது நான்தான். தம்பி பேரைச் சொல்லச் சொல்றாங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அவரிடம் இரண்டு செய்திகள் சொன்னோம். உனக்கு எதிராக நீயே பேச வேண்டும் என்று சட்டம் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை; நீதிமன்றத்தில் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை வக்கீலைக் கேட்டு நட. அந்த மௌனம் உன் உரிமை. ஆனால் அந்த உரிமை பொய் சொல்லும் உரிமையாகிவிடாது. அடுத்து, நம் மரபில் ஆலோசனை என்பது செய்த பிழையைக் குருவின் முன் தானே எடுத்துரைப்பது; பிரதிக்கிரமணம் என்பது அதிலிருந்து மீள்வது; பிராயச்சித்தம் என்பது அதற்கு ஈடு செய்வது. நீதிமன்றம் விடுவித்தாலும் இம்மூன்றும் பாக்கி நிற்கும், தண்டித்தாலும் நிற்கும். சட்டக் குறை ஒன்றால் நீ விடுதலை பெறக்கூடும். வினை அவ்வாறு விடுதலை தருவதில்லை. அந்தத் தொழிலாளியின் கால் உன் கணக்கில் இருக்கிறது என்றோம்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் தம் படைப்பிரிவுக்குத் தாமே தகவல் எழுதினார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வரவேண்டியது தனியே வரட்டும் என்று, தொழிலாளி மீண்டும் மெஷினில் அமரும் வரை மாதந்தோறும் ஒரு தொகை அனுப்ப ஏற்பாடு செய்தார். வழக்கைத் திரும்பப் பெறுமாறு எவரிடமும் கேட்கவில்லை.

நாம் எழுதிய கடிதம் இவ்வாறு அமைந்தது. இவரை இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுவரை மாணவராக அறிவோம். பள்ளிக் கிணற்றில் தவறி விழுந்த சிறுவனைத் தன் உயிரை எண்ணாமல் இறங்கித் தூக்கியவர். தந்தையை இழந்த குடும்பத்தைத் தாங்கியவர். அவருடைய இன்றைய பழக்கங்களைப் பற்றிச் சான்று கூறும் நிலையில் நாம் இல்லை. அடிபட்ட தொழிலாளியை நேரில் கண்டோம். அவருடைய துன்பத்தையும் நீதிமன்றம் திருவுளம் கொள்ள வேண்டுகிறோம்.

வழக்கறிஞர் படித்துவிட்டு, "கடைசி வரியை மட்டும் எடுத்துவிடலாமா அம்மா?" என்றார். அவ்வரி இல்லையேல் கடிதமே இல்லை என்றோம். சற்று நேரம் சிந்தித்து, தண்டனை குறித்துப் பேசும் கட்டம் வந்தால் அப்படியே தாக்கல் செய்கிறேன் என்று வாங்கிச் சென்றார். இதை எழுதும் வரை வழக்கு முடியவில்லை. படைப்பிரிவின் முடிவும் வரவில்லை. தாயார் பல மாதங்கள் நம்மோடு பேசவில்லை. சென்ற மாதம் விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் ஆலயத்தில் கண்டபோது தலையசைத்தார், அவ்வளவே. அவர் இழக்கக்கூடியது சிறிதன்று. நாம் செய்தது சரி என்று நம்புகிறோம். அதனால் அவர் துன்பம் குறைந்துவிட்டது என்று நம்பவில்லை.

நம் சமூகத்திற்கு

நாம் மதுவிலக்குக் காலத்தில் வளர்ந்தவர்கள். 1971இல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது பயிற்சிப் பள்ளியை முடித்துப் பணியில் சேர்ந்த புதிது. மதுவும் ஊனும் தேனும் விலக்கி ஐந்து அணுவிரதம் காப்பது இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்கள் என்று அறிந்தவர்கள் நாம். அப்பெருமை உண்மையானதே. ஆனால் அப்பெருமையாலேயே, நம் பிள்ளை ஒருவன் குடிக்கத் தொடங்கும்போது அதை இல்லாததாகக் காட்டுகிறோம். படை முகாமிலும், பனியன் கம்பெனி விடுதியிலும், வெளியூர் அறைகளிலும் நம் பிள்ளைகள் எதிர்கொள்வதைக் கேட்க எவரும் இல்லை. வீட்டில் சொல்ல அஞ்சியவன் சாலையில் பிடிபடுகிறான். பிடிபட்ட பின் நாம் இரண்டில் ஒன்று செய்கிறோம்: விலக்கிவைக்கிறோம், அல்லது மறைக்கிறோம். இரண்டும் பெரும்பாலும் நம் பெயரைக் காப்பதற்கே.

ஆதலின் நம் வேண்டுகோள் எளியது. விடுப்பில் வரும் பிள்ளையிடம், குடிக்கிறாயா என்று சினமின்றிக் கேளுங்கள். ஆம் என்றால் அன்றிரவு வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள். விரத உபதேசம் மறுநாள் காலையில் ஆகட்டும். தவறு நேர்ந்துவிட்டால் நல்ல வழக்கறிஞரை வைத்துக் கொடுங்கள், அவரிடம் மறைக்காதீர்கள், அவரைப் பொய் சொல்லக் கேட்காதீர்கள். நீதிமன்றத்திற்குப் போவதற்கு முன் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே கட்டிலில் கிடப்பவரின் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நின்ற பிறகு, எந்தக் கடிதத்தில் கையொப்பம் இடலாம், எதில் இடலாகாது என்பது தானே தெளிவாகும். நமக்கு அப்படித்தான் தெளிந்தது.

அறம் வளர்க.